உலர்ந்த கல்லின் எண் நனைந்த சுவருக்குப் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஏசி கற்களை (நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய, காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கற்களை) பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, 'துளை கூடக் கூட வெப்பம் கடப்பது குறையும்' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

துளைக்குள் இருப்பது காற்றா, தண்ணீரா என்று முதலில் கேட்க வேண்டும். அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் (வெப்பத்தைக் கடத்தும் அளவு, மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) சுமார் 0.026, தண்ணீருக்கு 0.6. ஏறத்தாழ 23 மடங்கு! விற்பனைத் தாளில் காணும் எண் பெரும்பாலும் அடுப்பில் வைத்து முற்றிலும் உலர்த்திய கல்லுக்கு உரியது. மழை குடித்த சுவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியும் குமிழிகள் தண்ணீரை அவ்வளவாக இழுப்பதில்லை. குமிழிகளுக்கு நடுவே உள்ள நுண்துளைகள்தாம் உறிஞ்சுகின்றன. 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் 15 மி.மீ. உயரம்தான் ஏறும், ஆரம் நூறில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர் வரை ஏறும், மெதுவாகத்தான் என்றாலும். அழுத்தம் கொடுத்துத் தள்ளும்போது கதை வேறு. குழாயின் ஆரம் பாதியானாலே ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது, நுண்துளை தண்ணீரை உயரே இழுக்கும், ஆனால் தாராளமாக ஓடவிடாது. சொட்டுக்கூடக் கசியாத சுவரில் ஓதம் எப்படி ஏறியது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில்.

கான்கிரீட்டில் துளைகளின் தொடர்பே முக்கியம்; அது அறுபட்டால் தண்ணீர் எளிதாக ஊடுருவ முடியாது. நீர்-சிமென்ட் விகிதம் (சிமென்ட்டின் எடைக்கு நீரின் எடை) 0.4 ஆக இருந்து, ஈரம் காயாமல் காத்தால், நுண்குழல்களின் (மயிரிழை போன்ற துளைகளின்) தொடர்பு சுமார் 3 நாளில் அறுபடும். 0.5 என்றால் 14 நாள், 0.6 என்றால் ஆறு மாதம். 0.7ஐத் தாண்டினால் எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் அறுபடாது என்று சிமென்ட் ஆய்வாளர் பவர்ஸும் அவருடைய சகாக்களும் 1959இல் எழுதினார்கள். கலவை இளகட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி ஊற்றுபவர்களுக்கு இதை யார் சொல்வது?

ஓதம் ஏறிய சுவரைக் காயவிடாமல் நீர்புகா வண்ணத்தால் மூடுவது பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

இனி இத்தகைய கட்டுரைகளில் உலர்நிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்தக் கல்லின் நீர் உறிஞ்சும் அளவையும் ஈரநிலைக் கடத்துதிறனையும் தயவுசெய்து வெளியிடுங்கள். தயாரிப்பாளர்கள் தரவில்லையென்றால், தரவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருள் சோதனைக்கூட ஊழியர்