சேலத்து ரவுண்டானா சிலைகளுக்குப் பக்கத்துல ஒரு பலகை வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம சேலத்துல ரோடு அகலப்படுத்துறது, பாலம், பஸ் ஸ்டாண்டுன்னு ஏதாவது ஒரு வேலை நடந்துட்டேதான் இருக்கு, நல்லதுதான், 2020ல ஈரடுக்கு மேம்பாலம் வந்தப்புறம் அஞ்சு ரோட்டைத் தாண்டிப் போறவங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்னு நல்லாவே தெரியும். ஆனா ஒரு ஊர்ல இப்படி வேலை நடக்குறப்ப முச்சந்தியில நிக்குற சிலைகளுக்குத்தான் முதல்ல ஆபத்து, தள்ளி வைக்கணும், இல்ல எடுக்கணும். 2021ல ஹைகோர்ட்டே பொது இடத்துல இருக்குற தலைவர்கள் சிலைகளை எல்லாம் தலைவர்கள் பூங்கான்னு ஒண்ணு அமைச்சு அங்க மாத்தச் சொல்லுச்சு. மாத்தலாமா வேணாமாங்கறதுக்குள்ள நான் போகல, எந்தக் கட்சி சிலைங்கற பேச்சும் எனக்கு வேண்டாம். ஒரு சிலையில கை வைக்குறதுக்கு முன்னாடி அதோட கதையை எழுதி வைங்க, அதுதான் என் கோரிக்கை.

ஏதாவது ஒரு சிலை பீடத்துக்கிட்ட வண்டியை ஓரம் கட்டிட்டு அந்தக் கல்வெட்டைப் படிச்சுப் பாருங்க. திறந்து வச்சவர், தலைமை தாங்கினவர், முன்னிலை வகிச்சவங்கன்னு பேரு வரிசையா இருக்கும். செஞ்ச சிற்பி பேரைத் தேடினா பெரும்பாலும் கிடைக்காது. களிமண்ல உருவம் பிடிச்சு, அதுக்கு பிளாஸ்டர்ல அச்சு எடுத்து, மெழுகுல வார்த்து, அப்புறம் வெண்கலத்தை உருக்கி ஊத்தி, மூக்கு நுனி காது மடல் வரைக்கும் அரம் போட்டுத் தேய்ச்சு நிமித்தின மனுஷனுக்கு அந்தக் கல்லுல ஒரு வரி இடம் இல்லையா? சிமெண்ட் சிலைங்க பாடு இன்னும் பாவம், பிறந்தநாளுக்கு ஒரு கோட்டு, நினைவுநாளுக்கு ஒரு கோட்டுன்னு கோல்டு பெயிண்ட்டை அடிச்சு அடிச்சு கண்ணிமை, கண்ணாடி விளிம்பு, சட்டை மடிப்பு எல்லாம் மொத்தையா மூடிப்போய் சிற்பி கொண்டு வந்த முகச்சாயலே போயிடுது.

எழுதி வைக்காம விட்டா என்ன ஆகும்னு நம்ம ஊரு பெரியேரி தலைவெட்டி முனியப்பனைப் பார்த்தாலே தெரியும். பல தலைமுறையா ஜனங்க முனியப்பனா கும்பிட்ட சிலை அது. புத்தர் சிலைன்னு கேஸ் போட்டு, தொல்லியல் துறை போய் ஆராய்ஞ்சு, தாமரைப் பீடம், தியான முத்திரையில இருக்குற கை, சுருட்டை முடி, நீண்ட காது மடல் எல்லாத்தையும் பார்த்து இது புத்தர்தான்னு அறிக்கை கொடுத்துச்சு. தனியா போயிருந்த தலையைச் சிமெண்ட் வச்சு ஒட்டினதுல முகம் லேசா இடது பக்கம் சாஞ்சிருக்குறதைக் கூட அவங்க குறிச்சிருக்காங்க. 2022ல தீர்ப்பு வந்துச்சு, அதுல இது புத்தர் சிலைன்னு அங்க ஒரு பலகை வைக்கணும்னும் இருக்கு. ஒரு பலகைக்காக கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு பாருங்க.

தாரமங்கலத்துலயும் இதே குறைதான். அந்தக் காலத்துல இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டின கோயில்னு எல்லாரும் சொல்வோம். ராமர் நிக்குற தூண்ல இருந்து பார்த்தா வாலி தெரியணும், வாலி பக்கம் நின்னா ராமர் தெரியக்கூடாதுன்னு கணக்குப் போட்டு செதுக்கின கை யாரோடதுன்னு கேட்டா ஊர்ல பதில் கிடையாது.

இத்தாலியில பிளாரன்ஸ் நகரத்துல மைக்கலாஞ்சலோவோட டேவிட் சிலையை எங்க வைக்குறதுன்னு முடிவு பண்ண 1504 ஜனவரியில ஒரு கூட்டம் போட்டாங்க. லியோனார்டோ டாவின்சி, பொட்டிசெல்லி எல்லாம் வந்து ஆளுக்கொரு இடம் சொன்னாங்க, கடைசியில ஊரு நடுச் சதுக்கத்துல அரண்மனை வாசல்ல வச்சாங்க. யாரு என்ன சொன்னாங்கன்னு அந்தக் கூட்டத்தோட மினிட்ஸ் இன்னைக்கும் இருக்கு! 1873ல வெயில் மழையில கெடக்கூடாதுன்னு சிலையை உள்ள கொண்டு போனாங்க, 1910ல அதே இடத்துல நகல் வச்சாங்க, எல்லாத்துக்கும் தேதி இருக்கு. சேலத்துல போன தலைமுறையில வச்ச சிலைக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?

சென்னைக்கே போங்க. பாரமகால்ல, அதாவது நம்ம பழைய சேலம் ஜில்லாவுல வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி தாமஸ் மன்றோ சேணம் இல்லாத குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அதைச் செஞ்சது சாண்ட்ரின்னு எல்லாருக்கும் தெரியும். மெரினா உழைப்பாளர் சிலை 1959ல வந்துச்சு, செஞ்சவர் ராய் சௌத்ரி. மவுண்ட் ரோட்டுல இருந்த, 1857 கிளர்ச்சியைக் கொடூரமா அடக்கின வெள்ளைக்கார அதிகாரி நீலோட சிலையை எடுக்கணும்னு 1927ல போராட்டம் நடந்துச்சு, 1937ல எடுத்து மியூசியத்துக்குக் கொண்டு போனப்ப ஆட்சியில இருந்தவர் ஒரு காலத்துல சேலம் நகராட்சித் தலைவரா இருந்த ராஜாஜி. எடுத்த சிலைக்குக் கூட வரலாறு இருக்கு, நிக்குற சிலைக்கு இல்லன்னா எப்படிங்க?

மாநகராட்சி பெரிய பட்ஜெட் எல்லாம் போட வேண்டாம். சிலை, மணிமண்டபம் எதுவா இருந்தாலும் பக்கத்துல ஒரு சின்னப் பலகை போதும். சிற்பி யாரு, எந்த ஊரு பட்டறை, வெண்கலமா சிமெண்டா, எப்ப வச்சது, இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னொரு காப்பி அரசு அருங்காட்சியகத்துல இருக்கட்டும். பெயிண்ட் அடிக்குறதை நிறுத்திட்டு சிற்ப வேலை தெரிஞ்ச ஆளை வச்சு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அப்படியே கொலுசுப் பட்டறைக்காரங்களுக்கும் தறிக்காரங்களுக்கும் இந்த ஊர்ல ஒரு சிலை வைக்கலாம்னு எனக்கு ஆசை, அதைப் பத்தித் தனியா எழுதுறேன்.

உங்க பத்திரிகையும் ஒரு கை கொடுக்கணும். திறப்பு விழா போட்டோ, பழைய அழைப்பிதழ் எல்லாம் இன்னும் பல வீட்டுப் பெட்டியில இருக்கும், சேலம் பதிப்புல கேட்டு ஒரு அறிவிப்பு போட்டீங்கன்னா ஜனங்க கொண்டு வந்து கொடுப்பாங்க. அந்த விழாவுக்குப் போன பெரியவங்க இருக்கும்போதே செய்யணும்.

இப்படிக்கு,
வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.