பிரசவத்தோடு முடியாத பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறப்பித்த மாநிலம் தமிழ்நாடு. அதற்குப் பின்னால் சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் நெடுங்கால உழைப்பு இருந்தது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால், இவ்வளவு அக்கறையோடு நோயைக் கண்டுபிடிக்கும் நாம், குழந்தை பிறந்தவுடன் அந்தத் தாயைக் கவனிக்கத் தவறுகிறோம் என்பதைக் கிராமப்புறத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் எழுதுகிறேன்.

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய் என்று கொள்கிறோம். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. பேருந்து மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை 'நாளைக்குச் சாப்பிடாமல் வாம்மா' என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது அரிது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட முறை இது. முதல் வருகையிலேயே ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறு முறையும் செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்ததும் வீட்டில் பழி பெண்ணின் மேல்தான் விழுகிறது. இனிப்பைத் தின்று வரவழைத்துக்கொண்டாள் என்று மாமியார் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையில், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் இன்சுலின் சுரக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. பழிக்குப் பயந்து பட்டினி கிடப்பதும், அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சியை வேளைக்கு வேளை குடிப்பதும் தவறு. கஞ்சியாகக் குடித்தால் கேழ்வரகும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். உணவைப் பிரித்துப் பிரித்து உண்டும், நடந்தும், இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரச் சர்க்கரை 120க்குக் கீழே வராவிட்டால் மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தருவார். ஊசி என்றதும் குழந்தைக்கு ஆகாது என்று அஞ்ச வேண்டியதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் குழந்தையை அளவுக்கு மீறிப் பருக்கவைத்துப் பிரசவத்தைச் சிக்கலாக்குகிறது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழவும் காரணமாகிறது.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கிவிடுவதால், நோய் போய்விட்டது என்று குடும்பமே நிம்மதி அடைகிறது. ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கிறது. பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், பிறகும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்றும் மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அந்த ஆறாவது வாரத்தில் பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்த செவிலியர் ஓர் ஊரில், அவள் வேறோர் ஊரில். தனக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கைக்குழந்தைக்காரி கேட்கவும் மாட்டாள், கேட்டாலும் அழைத்துப்போக ஆள் இருக்காது.

அதே ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் தவணை போட வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரும்பாலான தாய்மார்கள் வரத் தவறுவதில்லை. தடுப்பூசி போடும் அந்தப் புதன்கிழமையிலேயே தாய்க்கும் பரிசோதனை செய்துவிட்டால் தனியே அழைக்க வேண்டிய தேவை இருக்காது. இரண்டு மணி நேரம் காத்திருக்க உட்கார இடமும், பால் கொடுக்க ஒரு மறைவும், ரத்தம் எடுத்தபின் அவர் சாப்பிட ஏதேனும் உணவும் இருந்தால் போதும். முடிவு 140ஓ அதற்கு மேலோ வரும் தாய்மார்களின் பட்டியலை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய் உள்ளவர்களை 2021 முதல் வீடு தேடிச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களிடம் ஒப்படைக்கலாம். தடுப்பூசித் தேதிகள் எழுதும் தாய்–சேய் நல அட்டையில், ஆறாவது வாரத்துக்கு நேரே தாயின் சர்க்கரை அளவுக்கும் ஓர் இடம் ஒதுக்குமாறு பொது சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்