14-ஆம் குழியைக் காட்டிய பாட்டிக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

என்னுடைய பத்து வார இன்டர்ன்ஷிப் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. அறிக்கையும் கொடுத்தாயிற்று, சான்றிதழும் வந்துவிட்டது. அறிக்கையில் நன்றிக்கென்று ஒதுக்கியிருந்த இடம் நாலே வரி. அதில் கல்லூரியின் பெயரையும் துறையின் பெயரையும் எழுதியதும் இடம் தீர்ந்துபோனது. உண்மையில் யார் யாரால் அந்த வேலை நடந்ததோ, அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

வேலை இதுதான். ஊருக்கு நடுவே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறை, அதாவது உலோகப் பொருள்களுக்குக் குரோமியப் பூச்சு போடும் இடம். அந்த நிலத்தைச் சுத்தம் செய்து வீடுகளும் ஒரு சின்னப் பூங்காவும் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எந்த வழியாக யாரைப் போய்ச் சேரும் என்று கண்டறிய வேண்டும். அந்தக் குழுவில் கடைசி ஆளாக நான்.

எங்கள் குழுவை வழிநடத்திய மேடம், முதல் வாரம் முழுக்க நீங்கள் என்னைத் தளத்துக்குள் விடவில்லை. பழைய வரைபடங்கள், வானிலிருந்து எடுத்த படங்கள், உரிமக் கோப்புகள் என்று ஒரு கட்டைக் கொடுத்து உட்காரவைத்தீர்கள். அப்போது லவ் கெனால் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடிய ஒரு பழைய கால்வாய். அதன் மேல் பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அங்கே அவசர நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நச்சுக் கழிவு கலந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் அமெரிக்காவில் 1980-இல் பிறந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நீங்கள் அழுத்திச் சொன்னது சட்டத்தைப் பற்றி அல்ல, லோயிஸ் கிப்ஸ் என்ற தாயைப் பற்றி. அவர் வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார். பழைய நீரோடைகள் தூர்ந்துபோன தடத்தை ஒட்டிய வீடுகளில் நோய் அதிகம் என்பது அந்தக் குறிப்பில்தான் தெரிந்தது. ஓடை இருந்த இடம் பழைய குடியிருப்புவாசிகளின் நினைவில் இருந்தது. பெவர்லி பைகன் என்ற விஞ்ஞானி கூட நின்று அந்தத் தகவலை ஆராய்ந்தார். "அதனால பக்கத்து வீட்டுக்காரங்களைப் பார்த்துட்டு அப்புறம் உள்ளே போ" என்றீர்கள்.

அப்படித்தான் பாட்டியைப் பார்த்தேன்.

பாட்டி, பட்டறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு. பட்டறை ஓடிய காலமெல்லாம் நீங்கள் அங்கேதான் இருந்திருக்கிறீர்கள். நான் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். நீங்கள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போனீர்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை செங்கல்லில் மஞ்சள் பொடி பூத்திருந்தது, மகரந்தம் மாதிரி. தொடப் போன என் கையைத் தட்டிவிட்டீர்கள். "மழை வந்தா இந்த ஓரத்துல மஞ்சத் தண்ணி நிக்கும். கோழியைக்கூட நாங்க இந்தப் பக்கம் விட மாட்டோம்" என்றீர்கள்.

அது குரோமேட் உப்பு, பிளேட்டிங்கில் பயன்படும் குரோமியம் கலந்தது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலேறி வெயிலில் காயும்போது, கரைந்திருந்த உப்பு இப்படி வெளியே தங்கிவிடும். மண் மாதிரி எடுக்கத் துளையிடுவதற்கென்று எங்கள் திட்டத்தில் இருந்த 13 குழிகளும் கொட்டகைக்குள், பிளேட்டிங் தொட்டிகளைச் சுற்றியே இருந்தன. நீங்கள் காட்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. மேடம் வந்து பார்த்துவிட்டு, சரி, இங்கே ஒன்று போடுவோம் என்றார். அதுதான் 14.

ஆய்வு முடிவு வந்தபோது 13 குழிகளிலும் ஆழம் போகப் போகக் குரோமியத்தின் அளவு குறைந்துகொண்டே வந்திருந்தது. எல்லாவற்றையும்விட அதிகம் இருந்தது 14-இல்தான், அதுவும் கீழே போகப் போகக் கூடியது. பொருள்களை அலசிய தண்ணீர் சுவரிலிருந்த துவாரம் வழியாக வெளியே வந்து ஓர் உறிஞ்சுகுழியில் இறங்கியிருக்கிறது. எந்த வரைபடத்திலும் அந்த உறிஞ்சுகுழி இல்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், உள்ளே மட்டும் சுத்தம் செய்துவிட்டு அந்த ஓரத்தில் பூங்காவுக்கு மண் கொட்டியிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

துளை போடும் அண்ணனிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். மூன்றாவது வாரம் ஒரு நாள், அவசரத்தில் கையுறையை மாற்றாமல் இரண்டு குழிகளில் மாதிரி எடுத்துவிட்டேன். ஒரு குழியின் மண் துளி ஒட்டிக்கொண்டு அடுத்த ஜாடிக்குள் போனாலும், சுத்தமான மண்ணைக் கெட்டதாகக் காட்டிவிடும். சாயங்காலம் மேடத்திடம் சொன்னேன். எட்டு ஜாடிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, காலையில் புதிதாக எடுக்கலாம் என்றார். மறுநாள் விடிந்ததும் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கருவியைச் சோப்பு நீரில் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, பழைய துளைக்குப் பக்கத்திலேயே மறுபடி இறக்கினீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் புதுக் கையுறையை நீங்களே எடுத்து நீட்டினீர்கள். அதற்கப்புறம் நான் மறக்கவே இல்லை.

வண்டி ஓட்டிய அண்ணா, குரோமியம் மண்ணிலும் நீரிலும் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும், ஆறு இணைதிறன் கொண்டது ஒன்று, மூன்று இணைதிறன் கொண்டது இன்னொன்று. அதில் ஆறு இணைதிறன் கொண்ட வகைதான் ஆபத்தானது. நீரில் எளிதாகக் கரைந்து ஓடும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதைச் சோதிக்க எடுக்கும் நீர் மாதிரி, வழக்கமான முறையில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். தாமதமானால் ஒரு பகுதி மூன்று இணைதிறன் வகையாக மாறிவிடும், அளவு குறைத்துக் காட்டும். அன்று பம்பு பழுதாகி மாதிரி எடுக்கவே இருட்டிவிட்டது. ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினீர்கள். வழியில் ஐஸ் உருகிவிட்டதா என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்ததாக அப்புறம்தான் சொன்னீர்கள்.

ஆய்வக அக்கா, அந்த மாதிரியில் டைஃபீனைல்கார்பசைடு கரைசலை விட்டு, தெளிந்த நீர் ஊதா கலந்த சிவப்பாக மாறுவதை என்னை அருகில் நிற்கவைத்துக் காட்டினீர்கள். ஊதாவின் அடர்த்தி கூடினால் குரோமியமும் அதிகம். வகுப்பில் படித்த சமன்பாடு அன்றைக்குத்தான் எனக்கு உண்மையானது. மீதமிருந்த நீரில் இரும்பு சல்ஃபேட்டைக் கலந்து, மறுபடி சோதித்தபோது நிறமே வராததையும் காட்டினீர்கள். ஆறு மூன்றாகிவிட்டது. மூன்று மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவாக நகராது. அந்த ஓரத்தின் அடிமண்ணுக்கு இப்போது அந்த வழியைத்தான் பரிந்துரைத்திருக்கிறோம். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்த தாய்மார்களே, உங்களில் ஒருவர் கைக்குழந்தையோடு எழுந்து, "புள்ளைங்க மண்ணை வாயில வைக்கும். உங்க கணக்குல அது இருக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இடர் கணக்கில், சிறு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று வைத்துத்தான் பாதுகாப்பான அளவைத் தீர்மானிக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓர் அளவு, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அதைவிடக் கறாரான அளவு. அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை, மேடம்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் அட்டவணையில் இருந்த ஒவ்வோர் எண்ணையும் நான் அந்தக் குழந்தையை வைத்துத்தான் படித்தேன். பூங்கா வரும் இடத்துக்குக் கூடுதலாக மாதிரி எடுக்கலாம் என்று முடிவானது உங்களால்தான்.

பதிவறையில் தூசியோடு தூசியாக உட்கார்ந்து உரிமக் கோப்புகளைத் தேடித் தந்த ஐயாவுக்கும், என் அறிக்கையைப் பிழை திருத்திய தோழிக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக, பாட்டி, மறுபடி உங்களுக்கு. உங்கள் கிணற்று நீரையும் சோதித்தோம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் கிணறு அதற்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் வேலை முடியும்வரை குடிக்க வேண்டாம் என்று மேடம் நேரில் வந்து சொன்னதை மறந்துவிடாதீர்கள். 14-ஆம் குழியில் இப்போது குழாய் இறக்கிக் கண்காணிப்புக் கிணறாக்கி, இரும்பு மூடி போட்டிருக்கிறது. அறிக்கையில் அதற்கு வெறும் எண்தான், ஆனால் துளை போடும் அண்ணன்மார் எல்லோரும் அதைப் "பாட்டி குழி" என்றுதான் சொல்கிறார்கள். அடிமண்ணில் அந்த இரும்பு சல்ஃபேட்டைச் செலுத்திய பிறகு அதிலும் உங்கள் கிணற்றிலும் மறுபடி நீர் எடுப்பார்கள். அன்றைக்கு உதவிக்கு வருகிறேன் என்று மேடத்திடம் கேட்டு வைத்திருக்கிறேன், சம்மதித்துவிட்டார். முடிவு வந்ததும் நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
பத்து வாரம் உங்களோடு இருந்த மாணவி