கேரவன் ஃபிரிட்ஜுக்கு ‘கேஸ் அடிக்க’ முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரவன் பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ‘வண்டியிலுள்ள ஃபிரிட்ஜ் குளிராவிட்டால் கேஸ் அடித்தால் சரியாகிவிடும்’ என்று ஒரு வரி இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு அது பொருந்தலாம். புரொப்பேன் என்ற எரிவாயுவில் ஓடும் கேரவன் ஃபிரிட்ஜுக்குச் சற்றும் பொருந்தாது. அந்த வரியை நம்பி நல்ல ஃபிரிட்ஜைக் கழற்றி எறிபவர்களும் உண்டு, கெட்டுப்போன ஃபிரிட்ஜைத் தொடர்ந்து எரியவிட்டு ஆபத்தில் மாட்டுபவர்களும் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. 1922-ல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறையில்தான் இன்றும் ஓடுகிறது. வெல்டிங் செய்து மூடிய இரும்புக் குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். உள்ளே அரிக்காமல் இருக்க சோடியம் குரோமேட் சேர்த்திருப்பார்கள். அடியில் சூடு கொடுத்தால் அமோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே ஏறும். பின்பக்கச் சுருளில் சூட்டை இழந்து திரவமாகும். ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் போனதும் மறுபடி ஆவியாகி, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து, புறப்பட்ட இடத்துக்கே இறங்கி வரும். இதில் புரொப்பேன் வெறும் அடுப்பெரிக்கும் எரிபொருள், குளிர்விப்பது அதுவல்ல. குளிர்விக்கும் அமோனியாவை வெளியிலிருந்து நிரப்பக் குழாயில் வழியே கிடையாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடியில் சூடு இருக்கிறதா என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெரும்பாலான மாடல்கள் புரொப்பேனிலும் ஓடும், வீட்டு மின்சாரத்திலும் ஓடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மின்சாரத்துக்கு மாற்றி ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். மின்சாரத்தில் குளிர்ந்து, கேஸில் (அதாவது புரொப்பேனில்) குளிராவிட்டால் குழாய்த்தொகுதி நன்றாகவே இருக்கிறது, கோளாறு கேஸ் பக்கம். கேஸில் குளிர்ந்து மின்சாரத்தில் குளிராவிட்டால் ஹீட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் ஓம்ஸ் அளவை எடுங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும்: 120 வோல்ட், 300 வாட் ஹீட்டருக்கு 48 ஓம்ஸ், 230 வோல்ட், 125 வாட் என்றால் சுமார் 423. இரண்டிலுமே குளிரவில்லை என்றாலும் அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. சாய்வும் காற்றோட்டமும் பாக்கி இருக்கின்றன.

அதற்கும் முன்னால் பேட்டரி. எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும், மின்சாரத்தில் ஓடினாலும், போர்டுக்கு 12 வோல்ட் வந்தே தீர வேண்டும். அதை பேட்டரியில் அளந்து பயனில்லை. ஃபிரிட்ஜின் பின்னால் போர்டு டெர்மினலிலேயே அளக்க வேண்டும். பேட்டரியில் 12.6 காட்டும், களிம்பு பிடித்த எர்த் ஒயர் ஒன்றால் போர்டில் 10-க்கும் கீழே விழுந்திருக்கும். அப்போது ஸ்பார்க் பலவீனமாகும், கேஸ் வால்வு திறக்காது. போர்டைக் குற்றம் சொல்லிப் புதிது வாங்கிப் போட்டும் சரியாகாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து கேஸ் வரத்து. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். படாரென்று திறந்தால் அதிக ஓட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு பாதி அடைத்துக்கொள்ளும். கேஸ் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சிலிண்டர் மாற்றியபின் குழாயில் காற்று நிற்கும். முதலில் வண்டியின் அடுப்பைப் பற்றவைத்து, சுடர் நின்று எரிந்த பிறகு ஃபிரிட்ஜுக்குப் போனால் பல தடவை முயல வேண்டியதில்லை. அழுத்தம் வட அமெரிக்க வண்டிகளில் 11 அங்குல நீர்மட்டம் (தண்ணீரை 11 அங்குலம் உயர்த்தும் அழுத்தம்). ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் 30 மில்லிபார். வேறொரு அடுப்பும் எரியும்போது கேஸ் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரில் அளந்தால்தான் ரெகுலேட்டரின் உண்மை நிலை தெரியும்.

இனி பர்னர். கேஸில் மட்டும் தகராறு செய்யும் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் குறை இங்கேதான். சிலிண்டரை மூடி, நன்றாக ஆறவிட்டு, வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் கீழ் ஜன்னலைக் கழற்றி, தகரக் கவசத்தை எடுத்தால் விரல் பருமனுக்கு ஒரு குழாய் படுத்திருக்கும். அதன் மேல்புறம் வரிசையாகக் கீறல்கள். நேர் மேலே புகைக்குழாய். கீறல்களின் மேல் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகத் துரு கிடக்கும். புகைக்குழாயின் உள்சுவரிலிருந்து உதிர்ந்தது அது. புரொப்பேனில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் வாசனை சிலந்தியையும் குளவியையும் இழுப்பதாகச் சொல்வார்கள். குழாயின் வாய்க்குள் கூடு கட்டிவிடும். காற்று கலக்காத சுடர் மஞ்சளாகி, சோம்பலாக ஆடி, கரி பிடிக்கும். சரியான சுடர் நீலமாக, அசையாமல், மெல்லிய இரைச்சலோடு எரியும்.

துருவைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் நுண்துளை முனையான ஜெட்டை மட்டும் தனியாகக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, காற்றில் முழுக்க உலரவிட்ட பிறகே மாட்ட வேண்டும். அந்தத் துளையில் ஊசியோ, கம்பியோ, குண்டூசியோ எதையும் விடாதீர்கள். மிக நுண்ணிய அந்த ஓட்டை இம்மியளவு அகன்றாலும் தேவைக்கு மேல் கேஸ் வரும், சுடர் பெரிதாகும், கரி கட்டும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அப்படிக் கெட்ட ஜெட்டைச் சரிசெய்ய முடியாது. மாடலுக்கு உரிய புதிய ஜெட்தான் போட வேண்டும். புகைக்குழாய்க்குள் முறுக்கிய தகடு ஒன்று கம்பியில் தொங்கும். சூட்டைக் குழாய்ச்சுவரில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. அதை எடுக்குமுன் கம்பியின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு பழைய உயரத்தில் தொங்காவிட்டால், சுடர் அழகாக எரிந்தும் ஃபிரிட்ஜ் குளிராது. குழாயைப் பிரஷ்ஷால் தேய்க்கும்போது கீழே பர்னரை ஈரத்துணியால் மூட வேண்டும். வேலை முடிந்ததும் துணியை எடுத்து, கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு பார்க்கும் வழக்கம் கூடவே கூடாது.

ஸ்பார்க் கம்பிக்கும் பர்னருக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஸ்பார்க் வழிமாறி ஓடிவிடும். பற்றி எரிந்து சில நொடிகளில் அணைந்தால், சுடரை உணரும் தெர்மோகப்பிளைப் பாருங்கள்: நுனி சுடருக்குள் இருக்க வேண்டும், இணைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். உயரமான மலைப்பகுதியில், குறிப்பாக 5,500 அடிக்கு மேல், காற்று மெலிந்து கேஸ் சுடர் அடிக்கடி அணையலாம். அது பழுதல்ல. வசதி இருந்தால் மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சாய்வைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே திரவம் தானாக வழிந்தே திரும்புகிறது. பல மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரியும், முன்பின்னாக 6 டிகிரியும்தான் எல்லை. 60 செ.மீ. அகல ஃபிரிட்ஜில் 3 டிகிரி என்பது சுமார் 3 செ.மீ. ஏற்றத்தாழ்வு, கண்ணுக்குப் பெரிதாகப் படாது. ஓடும் வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் எங்கும் தங்காது. சாய்வாக நிறுத்திவிட்டு எரியவிட்டால்தான் அடியில் சூடு வாங்கும் பகுதியான பாய்லர் வறண்டு சூடேறும், சோடியம் குரோமேட் படிகமாகிக் குழாயை அடைக்கும். அந்த அடைப்பு பிறகு கரையாது. ஃபிரிட்ஜின் தரையிலேயே ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது.

காற்றோட்டத்துக்கு, கூரை வழியில் இலையோ பறவைக் கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கச் சுருளுக்கும் வண்டிச் சுவருக்கும் இடைவெளி 25 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சூடான காற்று சுருளைத் தொடாமலே போய்விடும். ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் போய்விட்டது. குளிரை அளக்க, தெர்மாமீட்டரைத் தண்ணீர் டம்ளரில் போட்டு உள்ளே 12 மணி நேரம் வையுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஃபிரிட்ஜில் குறை இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, பாய்லர் கொதித்தும் பெட்டிக்குள் இருக்கும் குளிர்விக்கும் தகடு குளிரவே இல்லை என்றால்தான் குழாய்த்தொகுதி கெட்டது என்று சொல்லலாம். அப்போதும் பின்னாலுள்ள தொகுதியை மட்டும் மாற்ற முடியும். முழு ஃபிரிட்ஜும் வாங்க வேண்டியதில்லை. பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்தாலோ, மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தாலோ குழாய் ஓட்டையாகிவிட்டது. கூடவே கசியும் ஹைட்ரஜன் தீப்பற்றும். உடனே கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள்; மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன்பும் ஃபிரிட்ஜின் சுடரை அணைத்துவிட வேண்டும்.

கட்டுரையின் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால், மஞ்சள் பொடியைப் பற்றிய பகுதியை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன கேஸ் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்