இதயத்துல ஓட்டை "விழுறது" இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை குழந்தைங்க இதயம் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல விஷயம்தான், ஆனா சில இடத்துல தப்பா போயிருக்கு, இத்தன வருஷம் பயாலஜி எடுத்துட்டு பேசாம விட மனசு வரல. நாலாவது மாசத்துலதான் இதயம் உருவாக ஆரம்பிக்குதுன்னு போட்டிருந்தீங்க. நாலாவது மாசத்துக்குள்ள முக்கியமான கட்டட வேலையே முடிஞ்சிருக்கும் சார்! கரு உண்டாகி 22, 23 நாள்லயே துடிப்பு ஆரம்பிச்சிடுது. டாக்டருங்க கடைசி பீரியட்ஸ் தேதியிலேர்ந்து எண்ணுறதால அதோட ரெண்டு வாரம் சேத்துக்கணும், அவங்க கணக்குல அது அஞ்சு வாரம் சொச்சம். நெறைய பேருக்கு அப்பதான் நாள் தள்ளிப்போச்சே, டெஸ்ட் பண்ணலாமான்னு யோசனையே வரும்.

அடுத்தது, இதயம் மொதல்ல ஒரு குழாயா இருக்கும், அப்புறம் வளைஞ்சு நாலு அறையாகும்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. அந்த ஒரு குழாய் எங்கேர்ந்து வந்துச்சு? இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமே அதுதான். ஆரம்பத்துல குழாய் ரெண்டு. கரு அப்போ தட்டையா தகடு மாதிரி இருக்கும், மூணாவது வாரத்துல இதயமாகப் போற செல்லுங்க தலைப்பக்கம் குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு நிக்கும், அதுலேர்ந்து இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மெல்லிசா ரெண்டு குழாய் வரும்.

கிளாஸ்ல இதுக்கு நான் ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு ஓரத்துலயும் செவப்பு ஸ்கெட்ச்ல ஒவ்வொரு கோடு போட்டுட்டு, ஓரம் ரெண்டையும் அடிப்பக்கமா மடக்கிக் கொண்டுவருவேன், கோடு ரெண்டும் நடுவுல வந்து ஒட்டிக்கும், கருவுலயும் அப்படித்தான் சைடு ரெண்டும் கீழ மடிஞ்சு குழாய்ங்க ஒண்ணாகுது. அதே பேப்பரோட மேல் விளிம்பையும் கீழ மடிச்சுக் காட்டுவேன், ஏன்னா இதயம் மொதல்ல இருக்கிறது மூளைக்கும் முன்னாடி, தலை மடியும்போதுதான் அது நெஞ்சுக்கு வந்து சேருது (இதச் சொன்னா பசங்க நம்பவே மாட்டாங்க). கோழிக் கருவுல பாத்ததுல இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கு, அடியில குடலாகப் போற படலம் சுருங்கி இந்த ரெண்டையும் நடுவுக்கு இழுக்குது.

ஒரு வருஷம் ஒரு பையன் எந்திரிச்சு "ஒட்டலேன்னா என்ன மிஸ் ஆகும்"னு கேட்டான். ரெண்டு இதயம் ஆகும்! கோழிக் கருவுல நடுவுல வெட்டிவிட்டு ஒட்டவிடாம பண்ணிப் பாத்திருக்காங்க, பக்கத்துக்கு ஒண்ணா உருவாகி ரெண்டும் துடிச்சிருக்கு. கார்டியா பிஃபிடான்னு பேரு. 1997ல எலியில காட்டா-4ங்கிற ஜீனை எடுத்துட்டுப் பாத்தப்பவும் குழாய்ங்க ஒண்ணு சேரல, அந்தக் கரு பொழைக்கவும் இல்ல. துடிக்கிறதுக்கு சேரணும்னு அவசியமில்ல, பொழைக்கத்தான் சேரணும். நான் காலேஜ்ல படிக்கும்போது அடைவெச்சு மூணு நாளான முட்டையோட ஓட்டுல சின்ன ஜன்னல் மாதிரி வெட்டிக் காட்டுனாங்க, மஞ்சக்கரு மேல குண்டூசித் தலையளவு செவப்பா ஒண்ணு டக் டக்குனு துள்ளிச்சு, அரிஸ்டாட்டில் இதையேதான் அந்தக் காலத்துலயே முட்டைய உடைச்சுப் பாத்து எழுதி வெச்சிருக்கார்.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, கட்டுரை ஃபுல்லா "இதயத்தில் ஓட்டை விழுதல்"னு போட்டிருந்தீங்களே அதுக்குத்தான். குழாய் ஒண்ணானதும் வலப்பக்கமா வளையும், அப்புறம் உள்ள சுவருங்க வெவ்வேற பக்கத்துலேர்ந்து வளந்து வந்து ஒட்டணும், கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சுவரு கரு உண்டாகி ஏழு, எட்டு வாரத்துல மூடும். மூடாம நின்னுட்டா அதத்தான் ஓட்டைங்கிறோம், இருந்த சுவருல யாரும் பொத்தல் போடல. மேல் அறைங்க நடுவுல இருக்கிற வழி இன்னும் வேடிக்கை, நுரையீரல் வேலை செய்யாததால பொறக்குற வரைக்கும் அது தொறந்தே இருக்கணும், பொறந்தப்புறம்தான் மூடும், பெரியவங்கள்லயே நாலுல ஒருத்தருக்கு அது முழுசா ஒட்டாம இருக்கு, அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தெரியாமலே காலம் போயிடுது.

என் ஸ்டூடண்ட் ஒருத்தியோட அம்மா, தம்பிப் பாப்பாவுக்கு ஓட்டைன்னு சொன்னதும் அஞ்சாம் மாசம் மாடிப்படி ஏறி எறங்குனேன் மிஸ், அதான் விழுந்துருச்சுன்னு என்கிட்ட அழுதாங்க. அஞ்சாம் மாசத்துக்கு ரொம்ப முன்னாடியே அந்தச் சுவரு மூடியிருக்கணும், மாடிப்படி ஏறினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிப் புரிய வெக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே கண்ட்ரோல்ல இல்லாத சுகர், ஆரம்ப மாசத்துல வர்ற ருபெல்லா இதெல்லாம் நெஜமான காரணம், அத எழுதுங்க, பல குழந்தைங்களுக்கு இன்னதுதான் காரணம்னு கைகாட்டவே முடியாதுங்கிறதையும் சேத்து எழுதுங்க. நூத்துல ஒரு குழந்தை கிட்ட ஏதோ ஒரு இதயக் கோளாறோட பொறக்குது, அத்தன அம்மாங்களும் உங்க பேப்பர படிக்கிறவங்கதானே.

திருத்தம் போடுறதா இருந்தா மாசக் கணக்க மாத்துங்க, "விழுதல்"ங்கிற வார்த்தைய எடுத்துடுங்க, படம் போட்டா ஒரு குழாய்ல ஆரம்பிக்காம ரெண்டுலேர்ந்து ஆரம்பிங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பயாலஜி டீச்சர்