பிள்ளையிடம் முதலில் வருடத்தைக் கேட்கச் சொல்

ஹரோ, 2025 நவம்பர்

மச்சான் சிவா,

உன் குரல் பதிவு வந்து ஒரு கிழமையாகிறது, பதில் போடப் பிந்திவிட்டது, கோபிக்காதே. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று கேட்டுச் சந்தோஷம். ஆனால் மூன்றாம் நாளே படியேறிப் பார்த்தேன் என்று பெருமையடித்தாயே, அதற்கு உன் மனுசி உன்னைச் சும்மா விட்டது பெரிய காரியம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நீயும் உன்னுடையதை எழுதுவாய், விடு.

உன் மகள் இங்கே லண்டனில் வாங்கப் பார்த்திருக்கும் வெம்ப்ளி பிளாட்டைப் பற்றி எல்லாம் சொன்னாய். புதுச் சமையலறை, ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை, பின்னால் கார் விட இடம். கடைசியில் போகிறபோக்கில் "லீஸ் 83 வருடம் இருக்காம், அது காணும்தானே" என்றாய் பார், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காணாது மச்சான்.

உங்கள் டொரோண்டோவில் கொண்டோ வாங்கினால் அது உன்னுடையது. இங்கிலாந்தில் பிளாட் வாங்குவது ஊரில் பனங்காணியைக் குத்தகைக்கு எடுப்பது மாதிரி, காசு மட்டும் அறுதி விலைக்குக் கொடுக்க வேண்டும். நிலமும் கட்டடமும் ஃபிரீஹோல்டருடையது. நமக்கு இத்தனை வருடம் என்று ஒரு எழுத்து, அது நாம் தூங்கும்போதும் குறைந்துகொண்டே இருக்கும். (ஸ்காட்லாந்தில் இந்தக் கூத்து இல்லை, ஆனால் அந்தக் குளிருக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் இங்கேயே கிடக்கிறோம்.)

என் கதை உனக்கு முழுதாகத் தெரியாது, வெட்கத்தில் சொல்லவில்லை. இந்த பிளாட்டை 2004 ஜூனில் வாங்கினேன். லீஸ் 1987 மார்ச்சிலிருந்து 99 வருடம், அதாவது வாங்கும்போது 82-க்குக் கொஞ்சம் குறைவாக மீதி. சொலிசிட்டர் கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதியிருந்தார், அதன் அர்த்தம் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, 82 வருடம் யார் உயிரோடு இருக்கப் போகிறோம் என்று நினைத்தேன். 2023-இல் விற்கலாம் என்று போட்டோம், நல்ல விலைக்கு ஒரு பெடியனும் பெட்டையும் வந்தார்கள், அவர்களுடைய வங்கி 63 வருடம் என்றதும் கடன் தர மாட்டோம் என்றுவிட்டது. அன்று இரவுதான் அலுமாரியில் மனுசியின் கூறைச் சேலைக்குக் கீழே இருந்த லீஸை எடுத்து விரித்தேன். பச்சை நாடாவால் தைத்த தடித்த தாள், எங்கள் பிளாட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட ஒரு படம். இருபது வருடத்தில் முதல் தடவை வாசிக்கிறேன்.

விஷயம் இதுதான். 1993-இல் வந்த சட்டத்தின்படி மீதியிருக்கும் வருடத்தோடு இன்னும் 90 வருடம் சேர்த்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு, நிலத்துக்கென்று வருடா வருடம் கட்டும் வாடகையான கிரவுண்ட் ரென்டும் இல்லாமல் போகும். அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். என் லீஸ் முடியும் 2086-இல் வீடு தன் கைக்குத் திரும்பும் என்று ஃபிரீஹோல்டர் காத்திருக்கிறார் அல்லவா, அந்தக் காத்திருப்புக்கு இன்றைய பெறுமதி என்ன என்று வருடத்துக்கு ஐந்து வீதம் போட்டு எதிர்த்திசையில் கணக்குப் பார்ப்பார்கள். (2086-இல் எனக்கு 118 வயது.) அதோடு முடிந்தால் பரவாயில்லை. 80 வருடத்துக்குக் கீழே போய்விட்டால் மேரேஜ் வால்யூ என்று இன்னொன்று ஏறும். லீஸ் நீண்டதால் பிளாட்டின் விலை கூடுகிறதே, அந்த லாபத்தில் பாதி அவருக்கு. சீதனம் என்று பெயர் வைத்திருந்தால் நம் சனத்துக்கு உடனே விளங்கியிருக்கும்.

எனக்கு 80 வருடம் முடிந்தது 2006 மார்ச்சில். அந்தக் காலத்தில் வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் லீஸை நீட்டக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கலாம், எனக்கு அது 2006 ஜூன். மூன்று மாதத்தால் தவறியது! தெரிந்திருந்தாலும் தவறியிருக்கும் என்பதில் ஒரு சின்ன ஆறுதல். ஆனால் அன்றே செய்திருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும்.

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே ஃபிரீஹோல்டர் கம்பனியிடமிருந்து இனிக்க இனிக்க ஒரு கடிதம் வந்தது. சட்டம் கிட்டம் வேண்டாம், 24,000 பவுண்ட் தாருங்கள், லீஸை 99 வருடமாக ஆக்கித் தருகிறோம், கிரவுண்ட் ரென்ட் 2086 வரை பழையபடி. நான் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டேன். என் மகன்தான் விரலை மடக்கி எண்ணி, "அப்பா, இது வெறும் 36 வருடம்" என்றான். இருபது வருடத்தில் திரும்ப 80-க்குக் கீழே வந்துவிடும்.

சரி என்று அந்த 1993 சட்டப்படி செக்‌ஷன் 42 நோட்டீஸ் கொடுத்தோம். நாங்கள் 28,500 போட்டோம். பதில் சொல்ல இரண்டு மாதம் அவகாசம், கடைசி நாளுக்கு முதல் நாள் 44,000 என்று வந்தது. இரண்டு பக்கத்துச் சேர்வேயர்களும், அதுதான் விலை மதிப்பிடுபவர்கள், பேசிப் பேசி 35,500-இல் நின்றார்கள். அவர்களுடைய சொலிசிட்டருக்கும் சேர்வேயருக்கும் நாங்களே கட்ட வேண்டும் என்பது தெரியுமோ? உன்னை அடிப்பவனுக்குத் தடியும் நீயே வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இன்னொரு ஐயாயிரம். 2024 ஏப்ரலில் முடிந்தது, லீஸ் இப்போது 2176 வரை. வாடகை என்ற இடத்தில் "ஒரு மிளகு, கேட்டால்" என்று எழுதியிருக்கிறது. உண்மையாகத்தான், மிளகு! வாடகை இல்லை என்பதைச் சட்டத்தில் இப்படித்தான் எழுதுவார்களாம். மனுசி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, இதற்கும் வட் வரி போடுவார்களா என்று கேட்டாள்.

அடுத்த மாதமே, 2024 மேயில், புதுச் சட்டம் நிறைவேறியது, 990 வருடம் தரலாம், மேரேஜ் வால்யூவே இல்லை என்று. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பார்த்தால் அந்தப் பகுதிகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஃபிரீஹோல்டர்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் போன மாதம்தான் தள்ளுபடி செய்தது. அதனால் இன்றைக்கு நடப்பது பழைய கணக்குத்தான்.

மகளுக்கு அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 83-இல் இருப்பவளுக்கு மேரேஜ் வால்யூ இப்போதும் இல்லை, ஆகவே அதைத் தூக்கினாலும் அவளுக்குப் பெரிய லாபமில்லை. காத்திருந்து 80-க்குக் கீழே விழுந்தால்தான் நட்டம். இரண்டு வருட விதியை இந்த ஜனவரி 31-இல் எடுத்துவிட்டார்கள், அது நல்லது. ஆனால் காணிப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் அவள் பெயர் பதிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்கே பல மாதம் இழுக்கும். விற்பவரையே இப்போது நோட்டீஸ் கொடுக்கச் செய்து, அந்த உரிமையைப் பிளாட்டோடு சேர்த்து இவள் பெயருக்கு மாற்றி வாங்கலாம். அதற்கு அவர் மாட்டேன் என்றால் விலையில் குறைக்கச் சொல். இது சொலிசிட்டர்மாருக்குத் தெரிந்த வழிதான், கேட்டால்தான் செய்வார்கள்.

சனிக்கிழமை அவளை இங்கே வரச் சொல், அந்த லீஸின் பிரதியை முழுதாகக் கையில் கொண்டு வரட்டும், ஏஜென்ட் தரும் இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டாம். கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சேர்விஸ் சார்ஜையும் பார்க்க வேண்டும். மனுசி கூழ் காய்ச்சுகிறாள், ஒடியல் மா ஊரிலிருந்து போன கிழமைதான் வந்தது. நாங்கள் பிறகு பிளாட்டை விற்கவேயில்லை, அதையும் அவள் கேட்டால் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி