கோயில் கிணற்றுக் குடிநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஆலய பரிபாலன சபை உறுப்பினர்களுக்கும் குழாய் இணைப்புப் பெற்ற 47 வீட்டாருக்கும் வணக்கம்.

சென்ற வருடம் வைகாசி விசாகத்தன்று தேங்காய் உடைத்துத் தொடங்கிய கிணற்றுத் திருப்பணி இந்த வருடம் ஆவணியில் நிறைவுற்றது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான்தான். பதினைந்து மாதம் சென்றது. மாரி மழை இரண்டு மாதத்தை விழுங்கியது. மிச்சத் தாமதம் முழுவதும் இரண்டு மலகூடக் குழிகளைப் பற்றிய பேச்சுவார்த்தை. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கு, ஏனென்றால் பலர் அதை மட்டுமே வாசிப்பீர்கள்.

வரவு: வீட்டுக்கு 10,000 ரூபாவாக 47 வீட்டாரிடமிருந்து 470,000 ரூபா, வெளிநாட்டில் உள்ள நம்மவர்கள் அனுப்பியது 1,450,000, ஆலய நிதியிலிருந்து 300,000. மொத்தம் 2,220,000 ரூபா. செலவு: 10,000 லீற்றர் நீர்த்தாங்கியும் அதன் தூண்களும் 720,000, குழாய்கள், கிடங்கு வெட்டு, பொருத்துக்கூலி 610,000, கிணறு இறைத்துத் தூர்வாரி, கட்டை உயர்த்தி, சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டது 385,000, குழிகள் இரண்டையும் மாற்றியது 340,000, நீர்ப்பம்பியும் மின் இணைப்பும் 105,000, நீர்ப் பரிசோதனை, குளோரீன் அளக்கும் பெட்டி, வெளிற்றும் தூள் ஆகியவை 38,500. கையிருப்பு 21,500 ரூபா. பற்றுச்சீட்டுகள் அலுவலக அறையில் உள்ளன. சந்தேகம் உள்ளவர்கள் தேர்முட்டியடியில் நின்று பேசாமல் வந்து பார்க்கலாம்.

இனி, “கிணற்றுக்கென்று சேர்த்த காசில் இரண்டு வீட்டுக்கு மலகூடம் கட்டிக் கொடுத்தது ஏன்?” என்ற கேள்வி. கேட்டவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. தொடங்கும்போது எனக்கும் அது விளங்கவில்லை. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே இரண்டு முழம் செம்மண், அதன் கீழ் வெடிப்பும் துவாரமுமான பாறை. மணலில் இறங்கும் அழுக்கு வடிந்து வடிந்து தேறும். இந்தப் பாறையிலோ வெடிப்பு வழியே நேரே ஓடி வரும். கிணற்றிலிருந்து இத்தனை அடி தள்ளிக் குழி வெட்டினால் போதும் என்ற மணல் பூமிக் கணக்கு இங்கே முழுதாக உதவாது. வேலை தொடங்குமுன் எடுத்த மாதிரியில் ஈ. கோலை பற்றீரியா இருந்தது. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அது மனித, மிருகக் குடலில் வாழ்வது. நம் தண்ணீரில் அது இருந்ததன் பொருளை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. மேற்குப் பக்கத்து இரண்டு குழிகளும் அடியில் சீமெந்து இல்லாத வெறும் குழிகள். மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியும் கிணறும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. அந்த இரு வீட்டாரும் முதலில் மறுத்தார்கள். “எங்கள் அப்பு காலத்திலிருந்து இருக்கிற குழி, அப்போது யாருக்கு என்ன வந்தது?” என்றார்கள். ஏழு தடவை போய்க் கதைத்தோம். இப்போது அவ்விடத்தில் அடிமூடிய தொட்டிகள் உள்ளன. நிரம்பினால் பவுசர் கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நன்கொடை தந்தவர்களைப் பற்றி ஒரு சொல். நீர்த்தாங்கிக்கு உபயகாரர் மூவர் போட்டியிட்டனர். கிணற்றுக் கட்டில் பெயர் பொறிக்க இடம் போதவில்லை. மலகூடக் குழிக்கு உபயம் என்று கல்வெட்டில் போட ஒருவரும் விரும்பவில்லை, நியாயம்தான். பெயரே வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் காசுதான் அங்கே போனது. அவருடைய விருப்பப்படி அவர் பெயர் இங்கும் இல்லை.

பரிசோதனை முடிவுகள். 2015 அளவில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை பெரிதாக எழுந்தபோது, நம் ஊரிலும் எல்லோரும் வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தோம். எண்ணெய் என்றால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். நைத்திரேற்று அப்படியல்ல. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டிய யூரியாவும் மலகூடக் குழியும் சேர்ந்து கொடுத்த சீதனம் அது. இலங்கைத் தரமும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நம் கிணற்றில் தை மாதம் 61, ஆடி மாதம் 44. குழிகளை மாற்றியதால் குறைந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மழை முடிந்த கையோடு ஏறுவதும் கோடையில் இறங்குவதும் பருவத்தின் வேலையாகவும் இருக்கலாம். இன்னும் இரண்டு மாரி பார்க்காமல் பெருமை பேச மாட்டேன்.

ஆகவே தாய்மார் கவனிக்க: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றுச் செறிவு கூடும். குளோரீனும் அதைத் தொடாது. அந்த வீடுகளுக்குச் சுத்திகரித்த நீரைக் கானில் வாங்கிக் கொடுக்கச் சபை ஒத்துக்கொண்டுள்ளது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை.

கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைக் காட்டி என்னிடம் முறையிட்டவர்களே அதிகம். அது சுண்ணாம்பு. நம் நீரின் வன்மை, அதாவது கரைந்துள்ள சுண்ணாம்பின் அளவு, லீற்றருக்கு 380 மில்லிகிராம், இலங்கைத் தரம் 250. கேத்தலுக்குக் கேடு, சவர்க்காரத்துக்குக் கேடு. ஆனால் வன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கே நாம் பயப்படுகிறோம்.

குளோரீன் இட்ட தாங்கி நீரின் ஈ. கோலை முடிவு வருவதற்கு ஒரு மாதம் தாமதித்ததன் காரணத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தந்த மாதிரிப் போத்தலுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததைக் கண்ட நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர், “அழுக்குப் போத்தல்” என்று குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டார். அது குளோரீனை முறிப்பதற்காக வைத்த மருந்து. அது இல்லாவிட்டால் போத்தலுக்குள்ளேயே குளோரீன் பற்றீரியாவைக் கொன்றுகொண்டிருக்கும், முடிவு பொய்யாக வரும். மறுபடியும் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே அனுப்பினோம். முடிவு: ஈ. கோலை இல்லை.

குளோரீன் மணத்தால் தேநீர் ருசி கெட்டுவிட்டதென்ற முறைப்பாட்டுக்கு வருகிறேன். தாங்கி நிறைந்த 10,000 லீற்றருக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் 10 கிராம் குளோரீன் வேண்டும். வெளிற்றும் தூளில் மூன்றிலொரு பங்கே குளோரீன் என்பதால் 30 கிராம் தூள். கலந்து அரை மணி நேரமாவது விட்ட பின்னரே வால்வு திறக்கப்படுகிறது. கடைசிக் குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்க வேண்டும். முதல் மாதம் கடைசிக் குழாயில் ஒன்றுமே இருக்கவில்லை. மூடி திறந்து கிடந்த பழைய தூள் வீரியம் இழந்திருந்தது. இப்போது சிறிய டின்களாக வாங்குகிறோம். மணம் பிடிக்காதவர்கள் குடத்தில் பிடித்துச் சற்று நேரம் வைத்துக் குடிக்கலாம். பழக நாளாகும்.

அபிஷேகத்துக்குக் குளோரீன் நீர் ஆகாது என்று குருக்கள் ஐயா சொன்னார். நியாயமாகப் பட்டது. கப்பியும் வாளியும் அப்படியே உள்ளன, கிணற்றின் வலைமூடியில் ஒரு கதவு வைத்திருக்கிறோம். ஆனால் பக்தர்கள் கையில் வாங்கிக் குடிக்கும் தீர்த்தம் தாங்கி நீரிலிருந்துதான். இதற்கு ஐயா மறுபேச்சின்றி இணங்கினார்.

நீர்ப்பம்பி காலை 5 முதல் 7 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் மட்டுமே ஓடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லோரும் கேட்டிருப்போம். நம் நன்னீரும் கடல்நீரின்மேல் மிதப்பதுதான். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே உவர் ஏறத்தாழ நாற்பது அடி ஏறக்கூடும் என்பது கணக்கு. துலா மிதித்த காலத்தில் மனிதனின் காலே அளவு வைத்தது. கலியாண வீடு, அந்தியேட்டி என்று மேலதிக நேரம் கேட்பவர்கள் மூன்று நாள் முன்னதாகச் சொல்லவும், குடிநீர்ப் பவுசர் ஒழுங்கு செய்வோம்.

குழாய் முதலில் தென்மேற்கு ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போடப்பட்டது. தூரத்திலிருந்து தொடங்குவது பொறியியல் வசதி என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். அந்த ஒழுங்கையார் ஒரு காலத்தில் இந்தக் கிணற்றில் வாளி போட முடியாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை வெளியே குடத்துடன் நின்றார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். குறிப்பில் எழுதாத காரணம் அது.

மாதக் கட்டணம் 400 ரூபா. ஒன்பது வீடுகள் இன்னும் தரவில்லை. மின்சாரம், தூள், வருடம் இரு தடவைப் பரிசோதனை மூன்றும் அதிலிருந்தே நடக்க வேண்டும். அடுத்த மாதிரி தை முடிவில் எடுக்கப்படும்.

தூர்வாரியபோது சேற்றிலிருந்து ஒரு செப்புக் குடம் கிடைத்தது. மூன்று வீட்டார் உரிமை கோருகிறார்கள். கழுத்தின் உட்பக்கத்தில் ஓர் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. அது என்ன எழுத்தென்று சரியாகச் சொல்பவர் அலுவலக அறையில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்,
ஆலய பரிபாலன சபை